கழுமரம் காணாத காத்தான்கள்

காத்தவராயன் கூத்துக்குப் பாயோடு போனவர்கள் விடியும்வரை எழும்பி வருவதில்லை. வன்னியில் அது நேர்த்திக் கூத்து. வீட்டில் அம்மாள் வருத்தம் கண்டாலோ, மழை பொய்த்தாலோ மாரியம்மனுக்கு நேர்ந்துவைத்து, அறுவடை முடிந்த காலத்தில் கோயில் வீதியில் ஆடுவார்கள். கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம், நெடுங்கேணி என்று இந்தப் பக்கத்துப் பழைய சனத்துக்குக் காத்தானின் கதை தெரியாமல் இருக்காது. உடுக்கும் சிந்துநடைப் பாட்டும் தாலாட்ட, நடுச்சாமத்துக்கு முன்னரே பிள்ளைகள் தாயின் மடியில் நித்திரையாகிவிடுவார்கள். விடியப்புறம் தாயே தட்டி எழுப்புவாள்: "எழும்படா தம்பி, கழுமரம் வரப்போகுது."

சட்டக் கண்ணால் பார்த்தால் காத்தவராயன் குற்றவாளிதான். காவலை மீறினான், வேடம் மாற்றி ஏமாற்றினான், தனக்கு விலக்கப்பட்ட ஆரியப்பூமாலையைத் தேடிப் போனான். பெற்ற தாய் தடுத்தும் கேட்கவில்லை. அவனுடைய துணிச்சலுக்குச் சனம் இரவெல்லாம் சிரித்தது, ஆரவாரித்தது. ஆனால் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அவன் கழுமரத்தின் அடிக்கு வந்துதான் ஆகவேண்டும். காத்தானாக ஆடுபவர் பாடிப் பாடி மேலே ஏறும்போது, இரவெல்லாம் சிரித்த அதே பெண்கள் அழுவார்கள். அந்தக் கட்டத்துக்கு முன் எழும்பிப் போனவர் கூத்துப் பார்த்தவராகக் கணக்கில்லை.

மீறியவனை நேசிப்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. தெய்வமாக்கிக் கும்பிட்டும் இருக்கிறோம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கோயில் கொண்டிருக்கும் மதுரைவீரன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த பிறகுதான் சாமியானான். அந்தக் கதைகளில் ஆளைக் கொண்டாட வேண்டுமென்றால் அவனுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாட்டுக்காரர் அதைச் சுருக்கவில்லை. வாத்தியத்தை நிறுத்தி, இழுத்து இழுத்துப் பாடினார். இன்று எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும் கதைகளில் அந்தக் கட்டம் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. என் கவலை அதுதான்.

ஏ9 வீதியோரத் தேநீர்க்கடை வாசலில் பின்னேரம் கூடுகிற பெடியளின் தோளுக்கு மேலால் எட்டிப் பாருங்கள். கறுத்தச் சட்டை, முகத்தைச் சுற்றிய துணி, கையில் வாள், வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், பின்னணியில் ஏதோ ஒரு படத்தின் நாயகன் நடந்து வரும்போது ஒலிக்கிற இசை. அரை நிமிடம்கூட இல்லை. பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டுகிற படம் அடுத்தது. நீதிமன்றத்துக்குக் கைவிலங்கோடு கொண்டுவரப்படுகிறவன் கமராவைப் பார்த்துச் சிரிக்கிற காட்சி அதற்கடுத்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. வெட்டு விழுந்தவன் எங்கும் இல்லை.

பழைய கதைகள் எல்லாம் நியாயமானவை என்று சொல்ல வரவில்லை. வன்னிச் சனத்துக்கு அரசாங்கம் வைக்கும் பெயர்களில் ஒருநாளும் முழு நம்பிக்கை இருந்ததில்லை. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்த பண்டாரவன்னியன் ஆங்கிலேயருக்குக் கலகக்காரன். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் கற்சிலைமடுவில் நின்றது. கல் வென்றவனைச் சொன்னது. சனம் தோற்றவனைப் பாடியது. முல்லைமணி அவனை நாடகமாக்கினார், வவுனியா நகரில் அவனுக்குச் சிலை நிற்கிறது. அவனைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை, அது சரியுமில்லை. சட்டம் ஒரு பெயர் வைக்க, சனம் வேறொரு பெயர் வைக்கும் வழக்கம் இங்கே எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்காகவே சொல்கிறேன். அந்த வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. பின்னால் வந்த கும்பல்கள் புகுந்துகொண்டதும் அந்த வாசலால்தான்.

எங்கள் ஊரை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது. அந்தக் கண்டியில் 1864 மே 7இல் சரதியேல் தூக்கிலிடப்பட்டான். உத்துவன்கந்த மலையில் ஒளிந்திருந்து, கொழும்பு–கண்டிப் பாதையில் போன வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று சிங்களச் சனம் அவனைப் போற்றியது. பாடப்புத்தகக் கதையானான், படமானான். இன்று மாவனெல்லையில் அவன் பெயரில் ஒரு கிராமமே அமைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டுச் செத்தவர் சபான் என்ற பொலிஸ் கொஸ்தாப்பல், மலாய் இனத்தவர். இலங்கையில் கடமையின்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் என்று அவரைக் கணக்கிட்டு, ஒவ்வொரு மார்ச் 21ஐயும் பொலிஸ் வீரர்கள் தினமாக அனுட்டிக்கிறார்கள். சரதியேலைத் தெரியாதவர் நாட்டில் குறைவு. சபானைத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மருசிரா வந்தான். சிறையிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பியதாலேயே பெயர் பெற்றவன். 1975 ஓகஸ்டில் போகம்பறைச் சிறையில் அவனைத் தூக்கிலிட்டபோது, மறுபடி தப்பிவிடுவான் என்ற பயத்தில் அளவுக்கு மிஞ்சி மயக்க மருந்து கொடுத்து, நினைவில்லாத உடலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூக்குமேடையில் கிடத்தினார்கள். அந்தக் கொடுமை வெளியே தெரியவந்ததும் அவன் செய்த குற்றங்கள் மறைந்துபோயின; அவன்மேல் இரக்கம் மட்டும் மிஞ்சியது. மூன்று வருடத்தில் படமும் வந்துவிட்டது. அரசு தண்டிக்கும் விதத்தில் மனிதத்தன்மையை இழக்கும்போது, தண்டனை பெற்றவன் வீரனாகிவிடுகிறான். இதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

சந்தனக்கட்டை கடத்திய வீரப்பனின் கதை எங்கள் காதுக்கு வந்தது வானொலி வழியாக. 2000ஆம் ஆண்டு யூலை 30இல் அவன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது வன்னியில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் கிடைப்பதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி பாடும். அப்படிச் சுற்றிச் சுற்றி இரவுச் செய்தி கேட்ட சனம், 108 நாள் நீண்ட அந்தக் கடத்தலை ஒரு தொடர்கதைபோலப் பின்தொடர்ந்தது. காட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டு மாநில அரசுகளைத் தலைகுனிய வைக்கிறான் என்பதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. காட்டையும் சுற்றிவளைப்பையும் அறிந்த சனம் நாங்கள்.

அவன் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றவன். 1993 ஏப்ரலில் பாலாற்றுக் கண்ணிவெடியில் மட்டும் 22 பேர் செத்தார்கள். பொலிஸுக்குத் தகவல் சொன்னதாகச் சந்தேகித்து அவன் கொன்றவர்களில் கிராமத்து ஏழைகள் பலர். அப்படியிருந்தும் 2004 ஒக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மேட்டூருக்கு அருகில் மூலக்காட்டில் நடந்த அடக்கத்துக்குச் சனம் திரண்டது. ஏன் திரண்டது என்பதற்கு விடை தேடுகிறவர்கள் வாச்சாத்திக்குப் போக வேண்டும். 1992 யூனில் சந்தனக்கட்டை தேடி அந்த மலைக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறையும் பொலிஸும் வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தின. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011ஆம் ஆண்டாயிற்று. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். நீதி பத்தொன்பது வருடம் வராமல் இருக்கிற இடத்தில், துவக்கோடு நிற்பவன் நீதிமான்போலத் தெரிவது இயல்பு. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம், கொள்ளைக்காரனை ஏழைச் சனம் வீரனாக்குவது உலகம் முழுவதும் நடந்திருக்கிறது என்று எழுதினார். ஆள் நல்லவனா என்பதைவிட, ஆட்சி செய்தவன் எவ்வளவு கெட்டவன் என்பதையே அந்தப் புகழ் கூடுதலாகச் சொல்கிறது.

அன்று டைனமோ சுற்றிக் கேட்ட கதையை இன்று கட்டணத் திரைத் தளங்கள் பல பாகத் தொடராகத் தருகின்றன. 2023இல் மட்டும் வீரப்பனைப் பற்றி நெட்பிளிக்ஸும் ஸீ5உம் ஆளுக்கொரு தொடர் வெளியிட்டன. அவற்றில் பாதிக்கப்பட்ட கிராமத்தவரும் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வந்து சேர்வது அந்தத் தொடர் அல்ல. அதிலிருந்து யாரோ வெட்டியெடுத்து இசை போட்ட பதினைந்து வினாடிதான்: மீசை, சிரிப்பு, துப்பாக்கி.

போர்க்காலத்தைத் தாண்டிப் போக முடியாது. 1980களின் நடுவில் வடக்கில் இயக்கங்கள் 'சமூக விரோதி' என்று அட்டை எழுதிக் கட்டி, மின்கம்பத்தில் வைத்து ஆட்களைச் சுட்டன. குற்றம் என்ன, சாட்சி யார் என்று கேட்க வழியிருக்கவில்லை. சனம் போய்ப் பார்த்தது. களவு கொடுத்தவர்களில் சிலர் "நல்லது" என்றும் சொன்னார்கள். பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்த ஒரு சமூகம், இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வெட்டுக்குத்துப் பார்க்கிறார்கள் என்று அதிர்ச்சியடைவதற்கு முன்னர் அந்த மின்கம்பங்களை நினைக்க வேண்டும். பிறகு 1991இல் புலிகள் தமது காவல்துறையை அமைத்தார்கள், நீதிமன்றங்களும் வந்தன. அந்த நாளில் கதவைச் சாத்தாமல் படுத்தோம் என்று இன்றைக்கும் ஏ9 ஓரத்துக் கிழவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வாயைத் திறக்காமல் படுத்தோம் என்பதும் அதே அளவு உண்மை.

1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு படை நடவடிக்கையில் ஓமந்தை முதல் மாங்குளம்வரை இந்த வீதியோரம் முழுக்க இடம்பெயர்ந்தது. 2008 இறுதியில் மறுபடியும். 2009இன் முதல் மாதங்களில் பிணங்களைக் கடந்து நடந்தவர்கள், மெனிக் பாம் முகாம்களில் இருந்து திரும்பி வந்து கூரை போட்டார்கள். அவர்களில் பலர் இன்றும் இரத்தம் காட்டுகிற படத்தை முழுதாகப் பார்ப்பதில்லை. எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார்கள். அதே வீட்டில், 2009க்குப் பிறகு பிறந்த பேரப்பிள்ளை அதே காட்சியை நான்காம் தரம் ஓடவிடுகிறான். கிழவிக்கு அது மணத்தோடு நினைவு வருகிறது. பேரனுக்கு மணமில்லாத நிறம். நடந்ததைப் பெரியவர்கள் பேசுவதில்லை. சிலவற்றைப் பேச முடியாது, சிலவற்றைப் பேசப் பயம். அந்த மௌனம் கிடந்த இடத்தில்தான் வாளோடு ஒருவன் வந்து நின்றான்.

அவனுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. 2014ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் 'ஆவா குழு' என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. முதலில் அது ஊர்ச் சண்டைக் கும்பல். அதை ஒரு பெரும் பெயராக்கியது 2016 ஒக்டோபர். 20ஆம் திகதி இரவு குளப்பிட்டியில் பொலிஸார் சுட்டதில், மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது. பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். வடக்கு முழுவதும் கடையடைத்துக் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் சுன்னாகத்தில் சிவில் உடையில் இருந்த பொலிஸ் புலனாய்வாளர் இருவர் வாளால் வெட்டப்பட்டார்கள். 'ஆவா' பெயரில் உரிமை கோரித் துண்டுப்பிரசுரம் வந்தது. அன்றுவரை ஊர்ச் சண்டியர்களாகப் பார்க்கப்பட்டவர்களை "எங்களுக்காகக் கேட்க ஆராவது வேணும்தானே" என்று ஒரு பகுதிச் சனம் பார்க்கத் தொடங்கியது. வாச்சாத்தியில் நடந்த அதே கணக்கு: நீதி தாமதிக்கிறது, கோபம் ஆளில்லாமல் நிற்கிறது, கும்பல் வந்து அந்தக் கோபத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறது. அந்தக் குழுவை உருவாக்கியதே முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்புத்தான் என்று அமைச்சரவைப் பேச்சாளரே அந்த நாட்களில் குற்றம்சாட்டினார் என்பதை, வாள் படத்துக்கு விருப்பம் போடுகிற பெடியன் அறியமாட்டான்.

அந்த வாள்கள் உண்மையில் யார்மீது விழுந்தன? கோயில் திருவிழாவில் நின்றவர்மீது, கடை வைத்திருந்தவர்மீது, வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டின் படலைமீதும் கண்ணாடிமீதும். காணித் தகராறுக்கும் காதல் தகராறுக்கும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஆளைப் பிடிக்கிறார்கள் என்று பொலிஸார் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். கூலிக்கு வெட்டுகிறவனுக்குச் சனத்தின் கோபம் ஒரு மூலதனம், அவ்வளவுதான். வெட்டுப்பட்டவர்கள் பெரும்பாலும் தமிழர். கை நரம்பு அறுந்து தொழிலை விட்டவன் யாருடைய கைத்தொலைபேசியிலும் இசையோடு வருவதில்லை.

2017 யூலை 22இல் நல்லூரில் நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் நின்ற இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய மெய்ப்பாதுகாவலர் சரத் ஹேமச்சந்திர படுகாயமடைந்து, அடுத்த நாள் உயிரிழந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நீதிபதிக்குப் பல வருடம் நிழலாக நின்றவர். அந்த நீதிபதி, இறந்தவரின் மனைவியின் காலடியில் விழுந்து அழுத படம் நாடு முழுவதும் போனது. அன்று அழுதவர்கள் ஏராளம். சில வருடத்தில் அந்தப் பெயர் தேய்ந்துவிட்டது. சபானுக்கு நடந்ததுதான் இவருக்கும் நடக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும்: சபானை மறக்க ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கும். இன்று ஒரு வாரம் போதும், ஏனென்றால் அடுத்த குற்றவாளியின் படம் வந்துவிடுகிறது.

2025 பெப்ரவரி 19இல் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாள உலகக் குழுத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்டவன் சட்டத்தரணி உடையில் வந்தவன், உள்ளே வெட்டியெடுத்த சட்டப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கி. படத்துக்கு எழுதினாலும் நம்பியிருக்கமாட்டார்கள். துப்பாக்கியைக் கொண்டுவந்ததாகத் தேடப்பட்ட இஷாரா செவ்வந்தி, யாழ்ப்பாணத்திலிருந்து படகில் இந்தியாவுக்குத் தப்பி, ஒக்டோபரில் நேபாளத்தில் கைதாகிக் கொண்டுவரப்பட்டார். வழக்கு நடக்கிறது, குற்றத்தை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சமூக வலைத்தளங்களில் தீர்ப்பு ஏற்கனவே வந்துவிட்டது, வேறு விதமாக: அவருடைய சிரிப்பு, துணிச்சல், அழகு. சரதியேலின் புகழ் தமிழ்ச் சனத்தை எட்டப் பல வருடம் எடுத்திருக்கும். இந்தப் படம் சிங்களம் தெரியாத கனகராயன்குளத்துப் பெடியனின் கைக்கு அன்றிரவே வந்துவிட்டது.

வேகம் ஒரு காரணம், வேலையில்லாத நாட்கள் இன்னொரு காரணம். போதைப்பொருள் வடக்கின் கிராமங்கள்வரை வந்துவிட்டது. அதைப் பரப்புகிறவனுக்கு அடியாள் வேண்டும், அடியாளுக்கு ஒரு கம்பீரம் வேண்டும், அந்தக் கம்பீரத்தைக் காணொளி கொடுக்கிறது. சினிமாவையும் தப்பவிட முடியாது. 'நாயகன்' வெளிவந்த 1987இலேயே கடத்தல்காரன் கதாநாயகன்தான். ஆனால் அந்தப் படத்தில் அவன் மகனையும் மனைவியையும் பறிகொடுத்து, பேரனின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்று, கடைசியில் சுடப்பட்டு விழுகிறான். இன்றைய படங்களில் நாயகன் இரண்டாம் பாகத்துக்காக உயிரோடு விடப்படுகிறான்.

கூத்துக்கும் இன்று நேரமில்லை. விடியவிடிய ஆடியதை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குச் சுருக்கி மேடையேற்றுகிறார்கள். சுருக்குவதில் பிழையில்லை; சனத்துக்கு மறுநாள் வேலையிருக்கிறது. அண்ணாவிமாரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: வேடிக்கையைச் சுருக்குங்கள், பாட்டைச் சுருக்குங்கள், கழுமரக் கட்டத்தை முழுதாக ஆடுங்கள். பாடசாலை அதிபர்களே, பொலிஸ் அதிகாரியை அழைத்துப் போதைப்பொருள் பற்றிப் பேசவைக்கும் நாளில், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுகிற ஒரு தாதியையும் அழையுங்கள். பத்திரிகைக்காரர்களே, கைதானவனின் பட்டப்பெயரைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். அந்தப் பட்டப்பெயர்தான் அவனுடைய முதலீடு. குளப்பிட்டி மாணவர் வழக்கைப் போன்ற வழக்குகளைப் பற்றிக் கேள்வி கேட்பதையும் நிறுத்தாதீர்கள். அவை இழுபட இழுபட, வாளுக்கு ஆள் சேரும்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது சின்னதுதான். இனி ஒரு வாள் படம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏசிக் கலைக்காமல் பக்கத்தில் இருங்கள். வெட்டுப்பட்டவன் ஆர், அவன் இப்ப என்ன செய்கிறான் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் இரண்டு பேருமாகத் தேடுங்கள்.